வார்டில் கழியும் நேரமும் கிரெடிட் கணக்கும்: பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டம் குறித்து ஒரு வாதம்

பி.எஸ்சி. நர்சிங் படிப்பைப் பற்றித் தமிழ்நாட்டில் எழும் பேச்சு பெரும்பாலும் எண்ணிக்கையோடு நின்றுவிடுகிறது. எத்தனை கல்லூரி, எத்தனை இடம், கட்-ஆஃப் எவ்வளவு, முடித்தபின் எந்த நாட்டுக்குப் போகலாம் என்பவையே கேள்விகள். 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 1,570 கோடி ரூபாய்ச் செலவில் 157 புதிய செவிலியர் கல்லூரிகளுக்கு ஒப்புதல் தந்தது. ஆண்டுக்கு 15,700 பட்டதாரிகள் கிடைப்பார்கள் என்பதே அந்த அறிவிப்பிலும் முன்னால் நின்ற செய்தி. இக்கட்டுரை எடுத்துக்கொள்வது வேறொரு கணக்கு. நான்காண்டுப் படிப்பில் மாணவர் நோயாளியின் கட்டிலருகே நிற்கும் ஒரு மணி நேரத்துக்குப் பல்கலைக்கழகம் என்ன மதிப்புப் போடுகிறது? வகுப்பறையில் உட்காரும் ஒரு மணி நேரத்தின் கால் பங்கு என்கிறது விதிமுறை. வார்டில் யார் கற்பிக்கிறார்கள், எதைக் கற்பிக்கிறார்கள் என்பதை இந்தக் கால் பங்குதான் பெருமளவு தீர்மானிக்கிறது என்பது என் வாதம்.

கணக்கை முதலில் பார்த்துவிடலாம். இந்திய நர்சிங் கவுன்சில் 2021 ஜூலையில் அரசிதழில் வெளியிட்ட திருத்திய விதிமுறை, ஆண்டுத் தேர்வு முறையை எடுத்துவிட்டு எட்டுப் பருவங்களையும் கிரெடிட் முறையையும் கொண்டுவந்தது. ஒரு பருவத்துக்கு இருபது வாரம். வாரம் ஒரு மணி நேரக் கோட்பாட்டு வகுப்புக்கு ஒரு கிரெடிட். திறன் கூடமென்றால் வாரம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட். கிளினிக்கல் எனப்படும் வார்டுப் பயிற்சிக்கு வாரம் நான்கு மணி நேரம் நின்றால்தான் அதே ஒரு கிரெடிட். இது பாடத்தில் என்ன செய்கிறது என்று பாருங்கள். மூன்றாம் பருவத்து ‘அடல்ட் ஹெல்த் நர்சிங்’ முதல் பகுதிக்குக் கோட்பாடு 140 மணி, ஏழு கிரெடிட். திறன் கூடம் 40 மணி, ஒரு கிரெடிட். வார்டு 480 மணி, ஆறு கிரெடிட். மொத்த நேரமான 660 மணியில் வார்டின் பங்கு ஏறத்தாழ 73 விழுக்காடு. பதினான்கு கிரெடிட்டில் அதன் பங்கு 43 விழுக்காடுதான். முதல் பருவத்து ‘நர்சிங் ஃபவுண்டேஷன்’ பாடத்தில் விகிதப்படி இடைவெளி இன்னும் பெரிது. 360 மணி நேரத்தில் 160 மணி வார்டு, பத்து கிரெடிட்டில் இரண்டு கிரெடிட் வார்டு.

இதற்குச் சொல்லப்படும் நியாயம் தெரிந்ததே. வகுப்பு மணிக்குப் பின்னால் வீட்டுப் படிப்பு இருக்கிறது, எல்லாத் துறையிலும் ஆய்வக நேரத்துக்குக் குறைந்த மதிப்புத்தான் என்பார்கள். ஆய்வகத்துக்கு அது பொருந்தலாம். வார்டுக்குப் பொருந்தாது. காலை டியூட்டிக்குப் போகும் மாணவர் முந்திய இரவு மருந்துகளைப் படித்துப்போகிறார். திரும்பி வந்து கேர் பிளான், கேஸ் ஸ்டடி, டிரக் புக் எழுதுகிறார். நர்சிங் விடுதிகளில் நள்ளிரவுவரை விளக்கெரிவது பெரும்பாலும் ரெக்கார்டு எழுதத்தான். வீட்டுப் படிப்பே அளவுகோல் என்றால் கிளினிக்கல் நேரத்தின் மதிப்பு கூடியிருக்க வேண்டும்.

இன்னொரு பதிலும் உண்டு. தேர்வெழுதக் கோட்பாட்டு வகுப்பில் 80 விழுக்காடு வருகை போதும். பட்டம் பெறவோ கிளினிக்கலில் நூற்றுக்கு நூறு வருகை வேண்டும். அப்படியிருக்க வார்டைக் குறைத்து மதித்ததாக எப்படிச் சொல்லலாம் என்று கேட்கலாம். வருகைப் பதிவேடு உடல் எங்கே இருந்தது என்பதைச் சொல்லும். அங்கே என்ன கற்கப்பட்டது என்பதைச் சொல்லாது. இந்த வேறுபாடு இன்று நேற்றுத் தோன்றியதும் அல்ல.

சென்னையில் மருத்துவச்சிப் பயிற்சிக்கு அரசு 1854இல் அனுமதி தந்தது. 1871இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நான்கு பேரோடு செவிலியர் பயிற்சி தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடரின் மருத்துவமனை 1909இல் செவிலியர் பள்ளியைத் திறந்தது. இந்தப் பள்ளிகள் எல்லாம் மருத்துவமனைக்குள் இருந்தவை. மாணவியின் உழைப்பு வார்டின் அன்றாட வேலைக்குத் தேவைப்பட்டது. கற்பதற்கென்று ஒதுக்கிய நேரம் வேலை மிஞ்சிய நேரமாகத்தான் இருந்தது. நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்து 1946இல் வந்த போர் (Bhore) குழு அறிக்கை செவிலியரின் பணிச் சூழலைக் கடுமையாகச் சாடியது. பல்கலைக்கழகப் பட்டத்தையும் முன்மொழிந்தது. அதே ஆண்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் டெல்லி செவிலியர் கல்லூரியிலும் பி.எஸ்சி. நர்சிங் தொடங்கிவிட்டது. பிரிட்டனில் எடின்பரோ பல்கலைக்கழகம் செவிலியத்தில் பட்டப்படிப்பைத் தொடங்க மேலும் பதினான்கு ஆண்டுகள் பிடித்தன. எதையும் அவர்களைப் பார்த்தே நாம் கற்றோம் என்று நினைப்பவர்கள் இந்தத் தேதிகளைக் கவனிக்கலாம்.

பட்டப்படிப்பு மாணவரை மலிவான வேலைக்கை என்ற நிலையிலிருந்து விடுவித்தது. அது பெரிய விடுதலைதான். ஆனால் விடுவித்த கையோடு அவரை வார்டுக்கு விருந்தாளியாக்கிவிட்டது. காலை எட்டு மணி வாக்கில் கல்லூரிப் பேருந்து வருகிறது. பகல் ஒரு மணிக்குத் திரும்பிவிடுகிறது. சொந்த மருத்துவமனை சிறிதாக உள்ள தனியார் கல்லூரிகள் கட்டணம் கட்டி அரசு மருத்துவமனைக்கு மாணவர்களை அனுப்புகின்றன. ஒரே வார்டில் இரண்டு மூன்று கல்லூரிகளின் சீருடைகளைப் பார்ப்பது அங்கே புதிதல்ல. ஒரு நோயாளியின் ரத்த அழுத்தத்தை ஒரு காலையில் நாலு பேர் பார்த்துவிட்டுப் போவதும் உண்டு.

வயிற்றில் பெரிய அறுவை முடிந்து முதல் நாளில் இருக்கும் ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். காலை பத்து மணிக்கு நாடித்துடிப்பு 88, பன்னிரண்டு மணிக்கு 104, இரண்டு மணிக்கு 120. ரத்த அழுத்தம் மட்டும் இன்னும் 110/70இல் நிற்கிறது. சிறுநீர்ப் பையில் அளவு கூடவேயில்லை. உள்ளே ரத்தம் கசிகிறதோ என்ற ஐயம் செவிலியருக்கு இந்த இடத்தில் வர வேண்டும். அழுத்தம் இறங்கும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். அதிர்ச்சி நிலையில் நாடி முதலில் ஏறும், அழுத்தம் பின்னால்தான் இறங்கும் என்பதை வகுப்பில் அரை மணி நேரத்தில் சொல்லிவிடலாம். அந்த மூன்று எண்களையும் ஒரே ஆளின் உடம்பில் வரிசையாகப் பார்த்து, மூன்றாவதில் பதறி, டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்வது வேறு படிப்பு. மூன்றாவது எண் வரும்போது நம் மாணவர் பேருந்தில் இருக்கிறார்.

இதன் தடயத்தைக் கேர் பிளான் தாளிலேயே காணலாம். நோயாளி சொன்னது, நாம் கண்டது, செவிலிய அறுதியீடு, இலக்கு, செய்த பணி, காரணம், மதிப்பீடு என்று கட்டங்கள் வரிசையாக இருக்கும். இலக்குக் கட்டத்தில் “எட்டு மணி நேரத்துக்குள் வலி குறையும்” என்று எழுதியிருக்கும். மதிப்பீட்டுக் கட்டத்தில் “வலி குறைந்தது” என்று முடித்திருக்கும். எழுதியவர் அந்த நோயாளியோடு இருந்ததோ ஐந்து மணி நேரம். யாரும் இதைப் பொய் என்று எண்ணி எழுதுவதில்லை. கட்டம் காலியாக இருந்தால் கையெழுத்துக் கிடைக்காது, அவ்வளவுதான். நேரில் பார்க்காததைப் பார்த்ததாகப் பதிவு செய்யும் பழக்கத்தை நோயாளி பராமரிப்பின் முதல் பாடத்திலேயே நாம் ஊட்டுகிறோம் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

வார்டில் கற்பிப்பது யார் என்ற கேள்விக்கு இனி வருவோம். நோயாளியை அறிந்தவர் ஸ்டாஃப் நர்ஸ். அவருக்கு மாணவரை மதிப்பிடும் அதிகாரமில்லை, அதற்கென்று நேரமோ ஊதியமோ இல்லை. மதிப்பிடும் அதிகாரம் உள்ளவர் கல்லூரி ஆசிரியர். பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற விதிப்படியே வந்தாலும் அவர் அந்த வார்டின் ஆளல்ல. மருந்து மாற்றியதும் காலை ஹேண்டோவரில் சொன்னதும் அவர் காதுக்கு வந்திருக்காது. லாக் புக்கில் கையெழுத்துப் போடவே அவர் காலை கழிந்துவிடும். போதனை மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர் என்று கவுன்சில் வகுத்த அளவு ஏட்டில் இருக்கிறது. இரவில் ஒரு வார்டு முழுவதையும் ஒரே செவிலியர் பார்ப்பது அரசு மருத்துவமனையில் பழகிப்போன காட்சி. அவரிடம் போய் மாணவருக்கும் சொல்லிக்கொடுங்கள் என்பது நியாயமில்லை.

பட்டதாரிச் செவிலியர் தேவை என்பதற்கு உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு லிண்டா ஐக்கன் குழுவினருடையது. 2014இல் லான்செட் இதழில் வந்தது. ஒன்பது ஐரோப்பிய நாடுகள், 300 மருத்துவமனைகள், அறுவை சிகிச்சை பெற்ற 4,22,730 நோயாளிகள். பட்டம் பெற்ற செவிலியரின் பங்கு 10 விழுக்காடு கூடினால் முப்பது நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு குறைவு. ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால் அதே வாய்ப்பு 7 விழுக்காடு கூடுதல். நம் ஊர்க் கருத்தரங்குகளில் முதல் பாதியைச் சொல்லிக் கைதட்டு வாங்கிவிட்டு இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள். ஆய்வு காட்டுவது தொடர்பைத்தான், காரண காரியத்தை அது நிறுவிவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த நாடுகளின் பயிற்சி எப்படிப்பட்டது என்பதும் முக்கியம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005ஆம் ஆண்டு நெறிமுறைப்படி பொதுச் செவிலியர் பயிற்சி குறைந்தது 4,600 மணி நேரம். அதில் பாதிக்குக் குறையாமல் நோயாளியோடு நேரடித் தொடர்பில் கழிய வேண்டும். மணி நேரத்தில் நாம் பின்தங்கிவிடவில்லை. பட்டம் என்ற பெயரும் நம்மிடம் இருக்கிறது. அந்த நேரத்துக்குள் நடக்கும் கற்பித்தலில்தான் கோளாறு.

இதற்கு மாற்று நம் வீட்டிலேயே உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செவிலியக் கல்வியையும் பணியையும் பிரிக்காமல் வைத்திருக்கிறார்கள். பாடம் நடத்தும் ஆசிரியருக்கு வார்டுப் பொறுப்பும் உண்டு. மருத்துவத்தில் இது யாருக்கும் விந்தையாகப் படுவதில்லை: காலையில் ரவுண்ட்ஸ் போகும் மருத்துவப் பேராசிரியர்தான் பகலில் வகுப்பெடுக்கிறார். செவிலியத்தில் மட்டும் எம்.எஸ்சி. முடித்து ஆசிரியரானால் வார்டை விட்டு விலகுவதே முன்னேற்றம் என்றாகிவிட்டது. வேலூர் முறை ஏன் பரவவில்லை என்றால், அரசுத் துறையில் கல்லூரி ஒரு நிர்வாகக் கோட்டிலும் வார்டு செவிலியர் கண்காணிப்பாளரின் கோட்டிலும் கிடக்கின்றன. தனியார் துறையில் கல்லூரி கட்டணம் ஈட்டும் தனி நிறுவனம். இரு பக்கமும் ஆசிரியரை வார்டோடு பிணைக்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. நூறு மணி நேரம் வார்டில் கற்பித்தாலும் இருபத்தைந்தாகவே கணக்கு வரும் முறையில், நல்ல ஆசிரியர் தன் உழைப்பை வகுப்பறையில் போடுவதுதான் இயல்பு.

கிளினிக்கல் கிரெடிட்டைத் திறன் கூடத்துக்கு இணையாக, வாரம் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாக உயர்த்தலாம். மொத்தக் கிரெடிட் தாங்குமா என்பார்கள். கோட்பாட்டைக் குறைத்தால் தாங்கும். அடல்ட் ஹெல்த் பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள்: ஒவ்வொரு நோய்க்கும் காரணம், நோய்க்கூறு, அறிகுறி, பரிசோதனை, சிகிச்சை என்று நீண்டு, செவிலிய மேலாண்மை வரிசையின் கடைசியில் வருகிறது. எம்.பி.பி.எஸ். புத்தகத்தின் சுருக்கமாக நடக்கும் அந்த முதல் பகுதியில் கணிசமானதை வார்டிலேயே, நோயாளியை முன்வைத்து நடத்திவிடலாம். வாரத்தில் இரண்டு நாள் ஆசிரியர் வார்டுப் பணியாளராக இருக்கட்டும். மாணவருக்கு வழிகாட்டும் ஸ்டாஃப் நர்சுக்குப் படியும் மதிப்பெண் போடும் உரிமையும் கிடைக்கட்டும். பகல் ஒரு மணிப் பேருந்தை மாற்றி, இரண்டாமாண்டிலிருந்தே மாலைப் பணியும் இரவுப் பணியும் ஆசிரியரின் துணையோடு நடக்கட்டும்.

வேலைச் சந்தையும் இதில் ஒரு தரப்பு. சரோஜினி வரதப்பன் தலைமையிலான உயர்நிலைக் குழு 1989இலேயே பட்டத்தைத் தொழிற்செவிலியருக்கான தகுதியாக்கச் சொன்னது. இன்றும் தமிழ்நாட்டின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்.ஆர்.பி.) நடத்தும் தேர்வில் பட்டயம் முடித்தவருக்கும் பட்டம் முடித்தவருக்கும் ஒரே பணியிடம். பட்டயம் படித்தவர் குறைந்தவர் என்று நான் சொல்லவில்லை; பல வார்டுகளை நிமிர்த்தி வைத்திருப்பவர்கள் அவர்களே. வார்டில் கைதேர்ந்திருப்பதற்குப் பல்கலைக்கழகமே குறைந்த மதிப்புப் போட்டால், பட்டதாரியிடம் கூடுதலாக என்ன இருக்கிறது என்று வேலை தருபவர் கேட்பதில் தவறில்லை.

1947ஆம் ஆண்டு இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்தின் இடத்துக்கு 2023இல் தேசிய செவிலியம் மற்றும் மருத்துவச்சி ஆணையச் சட்டம் வந்துவிட்டது. இளநிலை, முதுநிலைக் கல்விக்கென்று அதில் தனி வாரியம் உண்டு. பாடத்திட்டத்தை வகுக்கும் பொறுப்பு அதனுடையது. புதிய கல்லூரிகளுக்கு அனுமதி வழங்கப்படும் முன், அந்த வாரியம் நான்கு மணிக்கு ஒன்று என்ற கணக்கைத் திருத்த வேண்டும். செவிலியர் சங்கங்களும் கல்லூரி முதல்வர்களும் இந்த ஒரு கோரிக்கையையாவது எழுத்தில் அனுப்ப வேண்டும்.