தீர்தலும் விடுதலும்: திருகோணமலைச் சான்றுகளை முன்வைத்து ஒரு குறிப்பு

கடன், கடமை, பழி ஆகிய மூன்றிலிருந்தும் ஒருவர் நீங்குவதைக் குறிக்கத் தமிழிலே சொற்கள் பல உள. தீர்தல், இறுத்தல், கழித்தல், தவிர்த்தல், விடுதல் என்பன அவற்றுட் சில. இவற்றை ஒருபொருட் பன்மொழிகளாகக் கொள்வோர் பலர். ஆயின், நீக்குபவர் யார், யாருடைய இசைவால் நீங்குகிறது என்னும் வினாக்களை எழுப்பின், இச்சொற்களிடையேயுள்ள வேறுபாடு சமூக உறவுகளின் வேறுபாடே என்பது புலனாகும். திருகோணமலைப் பிரதேசத்துச் சான்றுகள் சிலவற்றைக் கொண்டு இதனை நோக்குவோம்.

திருகோணமலை நகரின் வடமேற்கே பெரியகுளத்தை அடுத்துள்ள வெல்கம் விகாரை, சோழராட்சியில் இராசராசப் பெரும்பள்ளி எனப் பெயர் பெற்றிருந்தது. அங்குள்ள 11ஆம் நூற்றாண்டுத் தமிழ்ச் சாசனங்கள், விளக்கெரிப்பதற்குப் பசுக்கள் தானமளிக்கப்பட்டமையைக் கூறுகின்றன. சோழர் காலச் சாசனங்கள் இவ்வகைத் தானத்து ஆடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ எனக் குறிக்கும். ஆடு இறப்பினும் நெய்யளக்கும் கடன் இறப்பதில்லை என்பதே அதன் பொருள். அதே காலத்து ‘இறையிலி’ என்னும் சொல்லும் கவனிக்கத்தக்கது. அரசனின் ஆணையால் அரசிறை நீங்கியபோதும், அந்நிலத்தின் வருவாய் கோயிலுக்கோ பிறர்க்கோ உரியதாயிற்று. உழுபவனைப் பொறுத்தவரை சுமை ஒழியவில்லை. அதனைப் பெறுபவரே மாறினர்.

கோணேசர் கோயிலின் ஒழுங்குகளைக் கூறும் கோணேசர் கல்வெட்டு, பரம்பரை பரம்பரையாகத் தொடரவேண்டிய தொழும்புகளைக் குளக்கோட்டன் வகுத்தான் என்கிறது. பிறப்பால் வந்த இக்கடமை தலைமுறைதோறும் செய்யப்படுவதன்றி, ஒருமுறை செய்து தீர்க்கப்படுவதன்று. 1832இல் பிரித்தானிய அரசு இராசகாரிய முறையை ஒழித்தது. ஆயின், அரசு விடக்கூடியது தனக்குரிய ஊழியத்தை மட்டுமே. கோயிற்றொழும்பு மரபு தம்பலகாமம் ஆதிகோணேசர் ஆலயத்தில் அதன் பின்னரும் தொடர்ந்தது.

இங்கு ஓர் அடிப்படை வேறுபாடு தெளிவாகிறது. கடன் கொண்டவன் கடனைத் தீர்க்கிறான். கடன் கொடுத்தவன் அதனை விடுகிறான். தீர்தலுக்குச் செலுத்தல் வேண்டும். விடுதலுக்கோ, விடுவதற்கு உரிமையுடைய ஒருவர் வேண்டும். குற்றத்தைப் பொறுத்தவரை இவ்வுரிமை யாருடையது? விடுவிக்கும் அதிகாரம் நீதிமன்றத்தினுடையது. தீங்கிழைக்கப்பட்டவர் நீதிமன்றம் அல்லர். இன்றைய வழக்கில், சான்றின்மையால் வழக்கிலிருந்து விடப்படுதல், குற்றமற்றவர் எனக் காணப்படுதல், சிறை நீங்குதல் ஆகிய எல்லாவற்றுக்கும் ‘விடுதலை’ என்ற ஒரு சொல்லே பெரும்பாலும் வழங்குகிறது. இதனால் விளையும் மயக்கம் வெறும் சொன்மயக்கமன்று.

2006 ஜனவரி 2ஆம் திகதி, திருகோணமலைக் கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகே ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டனர். அவர்கள் தம் கைக்குண்டு வெடித்தே இறந்தனர் என முதலிற் கூறப்பட்டது. துப்பாக்கிச் சூட்டினாலேயே இறந்தனர் என்பதை மருத்துவப் பரிசோதனை காட்டிற்று. எனவே முதலிற் பழி நீங்கியவர்கள் இறந்தவர்களே. பின்னர், சீருடையினரின் தொடர்பைச் சந்தேகிக்க வலுவான காரணங்கள் உள்ளன என உடலகம ஆணைக்குழு கண்டது. அச்சுறுத்தலுக்குள்ளான முக்கிய சாட்சிகள் நாட்டைவிட்டு வெளியேறினர். விசேட அதிரடிப்படையினர் பன்னிருவரும் பொலிஸ் அதிகாரி ஒருவருமாகச் சந்தேகநபர் பதின்மூவரையும் 2019 ஜூலை 3ஆம் திகதி, சான்று போதாமையால் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் விடுவித்தது.

குற்றம் எண்பிக்கப்படாதவரைத் தண்டிக்கலாகாது என்பது நாம் கைவிடக்கூடாத நெறி. எனினும், சான்று போதாது என்னும் கூற்று சான்றைப் பற்றியது. கொலை நடந்ததா, அதற்கு யார் பொறுப்பு என்பவற்றுக்கு அது விடையாகாது. சாட்சி சொல்லக் கூடியவர் நாட்டில் இருக்க முடியாமற் போனமைக்கு அரசு கூறவேண்டிய பொறுப்பும் அதனால் நீங்குவதில்லை. பதின்மூவர் விடப்பட்டனர், வழக்கு தீரவில்லை.

ஈமக்கடன் என்னும் தொடரில், இறந்தவர்க்குச் செய்யவேண்டியதையும் தமிழர் கடன் என்றே வழங்கினர். சடங்கு முடிந்ததும் அக்கடன் கழிந்துவிடுகிறது. நீதிக் கடனோ அவ்வாறு கழிவதன்று. எனவே ‘விடுவிப்பு’, ‘குற்றமற்றவர் எனத் தீர்ப்பு’, ‘தீர்வு’ என்பவற்றை எமது ஆய்வெழுத்தும் பத்திரிகைகளும் பிரித்து வழங்குதல் அவசியம். அச்சொற்கள் ஒன்றாய்க் கலப்பின், செலுத்தப்படாத கடனொன்று செலுத்தப்பட்டதாகவே வரலாற்றில் எழுதப்பட்டுவிடும்.