ஆரணித் தறி எந்த வழியா வந்தது?

ஆரணியில் பட்டு நெய்யும் சௌராஷ்டிரர்களுக்கு வீட்டு மொழி தமிழ் இல்லை. பூர்வீகம் குஜராத் என்பார்கள். 1026-இல் கஜினி முகமது சோமநாதபுரத்தைச் சூறையாடியதும் கிளம்பினார்களாம்.

ஆனா மந்தசோர் கல்வெட்டைப் பாருங்க. தெற்கு குஜராத்தின் லாட தேசத்துப் பட்டு நெசவாளர்கள் அங்கே குடியேறி, 436-இல் சூரியன் கோயில் கட்டியிருக்காங்க. கஜினிக்கு ஆறு நூற்றாண்டு முன்பே! படைக்குப் பயந்து வரலை; அந்த ஊர் மன்னர்களின் குணம் கேட்டு வந்தார்களாம். சிலர் வில்லெடுத்தார்கள், சிலர் ஜோதிடம் படித்தார்கள்.

இவங்கதான் நம்ம சௌராஷ்டிரர்களின் முன்னோர் என்று அடித்துச் சொல்வோரும் உண்டு. எனக்கு அது பெரிய தாவல். கல்வெட்டில் தென்னாட்டுப் பயணம் பற்றிப் பேச்சே இல்லை. நான் மொழியைத்தான் நம்புவேன்: அடியில் குஜராத்தி, மேலே மராத்தி, தெலுங்கு, கன்னடச் சொற்கள். ஒரே மூச்சில் ஓடிவந்தவர்கள் நாவில் இத்தனை ஒட்டியிருக்காது.