ஜி. கே. செஸ்டர்டன்: பத்தி எழுத்தும் கத்தோலிக்க அடையாளமும்

முன்னுரை

கில்பர்ட் கீத் செஸ்டர்டன் (1874–1936) இருபதாம் நூற்றாண்டின் ஆங்கிலக் கத்தோலிக்க எழுத்தாளர்களுள் முன்வரிசையில் வைத்து எண்ணப்படுபவர். எனினும் அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தது 1922 சூலையில், தம் 48ஆம் வயதில்தான். அவருக்குப் புகழ் தேடித்தந்த நூல்களுள் பல அதற்கு முற்பட்டவை. எனவே, 1922ஐ எல்லையாகக் கொண்டு அவர் எழுத்தை இரண்டாகப் பகுப்பது பொருந்துமா என்பதை அவரது இதழியல் பணியின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

பத்தியாளரும் நூலாசிரியரும்

இலண்டனில் பிறந்து ஸ்லேட் கலைப்பள்ளியில் பயின்ற செஸ்டர்டன், 1901 முதல் 1913 வரை 'டெய்லி நியூஸ்' நாளிதழில் எழுதினார். 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' வார இதழில் 1905இல் அவர் தொடங்கிய பத்தி, நோயுற்ற காலம் போன்ற இடைவெளிகள் நீங்கலாக, அவர் மறையும் வரை தொடர்ந்தது. 'ஹெரெடிக்ஸ்' (1905) நூலில் சமகாலச் சிந்தனையாளர்களை அவர் மறுத்தபோது, அவருடைய சொந்தக் கொள்கை யாது எனத் திறனாய்வாளர் ஒருவர் வினவினார். அதற்கு விடையாக அமைந்ததே 'ஆர்த்தடாக்ஸி' (1908). மறைந்த முன்னோர்க்கும் வாக்குரிமை அளிப்பதே மரபு என்னும் கருத்தை அந்நூல் முன்வைக்கிறது. கத்தோலிக்கக் குருவைத் துப்பறிவாளராகக் கொண்ட ஃபாதர் பிரவுன் கதைகளின் முதலிரு தொகுதிகளும் (1911, 1914) மதமாற்றத்திற்கு முன்பே வெளிவந்தன. அப்பாத்திரத்திற்குத் தூண்டுதலாயிருந்த அருட்தந்தை ஜான் ஓ'கானரே பின்னர் அவரைத் திருச்சபையில் ஏற்றார்.

1909ஆம் ஆண்டுப் பத்தி

மரபு குறித்த இதே பார்வை, 1909 செப்டம்பர் 18ஆம் நாள் வெளிவந்த பத்தியில் அரசியல் வடிவம் பெறுகிறது. இந்தியத் தேசியவாதிகள் ஆங்கில நிறுவனங்களையே வேண்டுகின்றனர். ஆதலின் அவர்தம் தேசியத்தில் இந்தியத் தன்மை குறைவு என்பது அவர் வாதம். இந்தியத் தன்மை எது என்பதை அயலார் ஒருவர் வரையறுப்பது இவ்வாதத்தின் குறையாகும். ஆயினும், திரான்சுவால் இந்தியர்களின் சார்பில் அப்போது இலண்டன் வந்திருந்த காந்தியடிகளை அது ஈர்த்தது. 'இந்தியன் ஒப்பீனியன்' இதழ் வாசகர்க்கு அவர் அதனைக் குஜராத்தியில் எடுத்துரைத்தார். அவ்வாண்டு நவம்பரில் கப்பற்பயணத்தின்போது 'ஹிந்த் ஸ்வராஜ்' நூலை எழுதினார். அதன் பின்னிணைப்பிலுள்ள நூற்பட்டியலில் டால்ஸ்டாய், ரஸ்கின், தோரோ ஆகியோர் இடம்பெறுகின்றனர், செஸ்டர்டன் இடம்பெறவில்லை. ஒரு பத்தியை மட்டுமே கொண்டு அந்நூலின் தோற்றத்தை விளக்கிவிட இயலாது. அதே வேளையில், நூற்பட்டியலை மட்டும் நோக்கும் ஆய்வுக்கு இத்தொடர்பு புலப்படாமலே போகும்.

முடிவுரை

மரபைப் போற்றும் செஸ்டர்டனின் சிந்தனையை மதமாற்றத்தின் விளைவாகக் கொள்வதற்குக் கால வரிசை இடம்தரவில்லை. மதமாற்றத்தை அச்சிந்தனையின் தொடர்ச்சியாகக் கொள்வதே பொருந்தும். நூல்களையும் 1922ஐயும் அடிப்படையாகக் கொண்ட காலப்பகுப்பைவிட, முப்பதாண்டுகளுக்கு மேல் நீடித்த பத்தி எழுத்தை அடிப்படையாகக் கொள்வது அவரது சிந்தனை வளர்ச்சியைத் தெளிவாகக் காட்டும்.