ஓதம் இறங்கக் காத்திருந்த தோணிகள்

சிங்கப்பூர் ஆற்றில் இரவுணவுடன் மாலையுலா செல்லும் படகு, தட்டுகள் காலியாவதற்குள் கவேனா பாலத்தைக் கடந்துவிடுகிறது. 1869இல் கட்டிமுடிக்கப்பட்ட அப்பாலம் தாழ்வானது. ஓதம் ஏறிய பொழுதுகளில் சரக்குத் தோணிகள் அதனடியில் நுழைய இயலாமல், நீர் இறங்கும்வரை காத்துக்கிடந்தன.

நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து கரையோரக் கிடங்குகளுக்குச் சரக்கேற்றி வந்தவை அத்தோணிகள். நகரின் தொடக்கப் பத்தாண்டுகளில் அவற்றைச் செலுத்தியோருள் முதன்மையானவர்கள் சோழமண்டலக் கரையின் தமிழ் முஸ்லிம்கள். 'சூலியா' என்றழைக்கப்பட்ட அவர்களுக்கு 1822ஆம் ஆண்டின் நகரத் திட்டத்தில் தனிக் குடியிருப்பே ஒதுக்கப்பட்டது. பின்னர் அத்தொழில் சீனர் கைக்கு மாறியது.

ஆறு சாக்கடையானபோது, 1977இல் பிரதமர் லீ குவான் யூ அதைத் தூய்மைப்படுத்தப் பணித்தார். 1983இல் எஞ்சிய தோணிகள் பாசிர் பாஞ்சாங்குக்கு அகற்றப்பட்டன. 1987இல் பணி நிறைவுற்றது. நாற்றம் நீங்கியது, மீன்கள் திரும்பின. இச்சாதனையைக் குறைசொல்வதற்கில்லை. ஆயினும் உழைப்பின் அடையாளங்களும் அழுக்கோடு சேர்ந்தே போயின என்பதை மறப்பதற்கில்லை.

2008இல் திறக்கப்பட்ட மரினா அணை கடலை வெளியே நிறுத்தியது. ஆறு நன்னீர்த் தேக்கமாயிற்று. இன்று ஓதம் அங்கே ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. உலாப்படகு எதற்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

அப்பாலத்தினடியில் செல்ல நேர்ந்தால், கையிலுள்ள கோப்பையைச் சற்றுக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பாருங்கள். நீருக்கும் பாலத்துக்கும் இடைப்பட்ட அந்தச் சில அடிகளுக்காகக் காத்திருந்து பொழுதைக் கழித்தவர்களுள் நம் மொழி பேசியவர்களும் இருந்தனர்.