பல்லால் கடித்த தோட்டா

உத்திரமேரூர்னு சொன்னாலே நம்ம பதிவர்கள் எல்லாரும் குடவோலைக் கல்வெட்டைப் பற்றித்தான் எழுதுவோம். நானும் எழுதியிருக்கேன், மறுக்கலை :-) இன்னைக்கு அதே ஊரை வச்சு வேற ஒரு சமாச்சாரம். தோட்டா!

அமெரிக்காவில் இருக்கும் நண்பர் ஒருத்தர், சுட்டு முடித்த காலிக் கூடுகளில் மறுபடி மருந்தும் குண்டும் போட்டு கைத்துப்பாக்கித் தோட்டா செய்கிறார். அங்கே அது ஒரு பொழுதுபோக்கு. இங்கே லைசென்ஸ் இல்லாமல் செய்தால் 1959 ஆயுதச் சட்டப்படி கம்பி எண்ண வேண்டியதுதான். போன வாரம் போனில் ஒரே புலம்பல்: "குண்டை இறக்கி, கூட்டோட வாயைக் கடிக்க வைக்கிற டை சரியா நிக்க மாட்டேங்குதுப்பா. நாலு கூடு நசுங்கிப் போச்சு."

வாயைக் கடிக்க வைக்கிறதா? அந்த வார்த்தை என்னை நேரா உத்திரமேரூருக்கே கொண்டு வந்து விட்டது.

1760 ஜனவரி. அயர் கூட் தலைமையில் ஆங்கிலேயப் படை உத்திரமேரூரில் வந்து தங்கியது. சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி வந்தவாசி. ஜனவரி 22-ந் தேதி அங்கே பிரெஞ்சுத் தளபதி லாலி தோற்றுப் போனார். அந்தப் படையில் நம்மூர் சிப்பாய்களும் உண்டு. அவர்கள் பையில் இருந்தது காகிதத் தோட்டா. ஒரு காகிதச் சுருளுக்குள் கொஞ்சம் கரிமருந்து, ஒரு ஈயக்குண்டு, அவ்வளவுதான். நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் கொட்டி, குண்டையும் காகிதத்தையும் குழலுக்குள் கோலால் இடிக்கணும். முன்பல் இல்லாதவன் பாடு திண்டாட்டம்தான்!

அந்தக் கடிதான் 1857-ல் பூகம்பமாக வெடித்தது. புதிய என்ஃபீல்டு துப்பாக்கியின் குழல் உள்ளே வரி போட்டது. குண்டு வழுக்கி இறங்க, தோட்டாவுக்குக் கொழுப்பு தடவணும். பசுவா, பன்றியா என்ற பேச்சு கிளம்பியதும் சிப்பாய்கள் கொதித்துப் போனார்கள். கையாலேயே கிழிக்கலாம் என்று விதியை மாற்றியும் யாரும் நம்பவில்லை. ஏப்ரல் 24-ல் மீரட்டில் 90 பேரில் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். மே 10-ல் கலகம்.

அடுத்த பத்து வருஷத்துக்குள் காகிதத்தின் காலம் முடிந்தது. 1866-ல் பாக்ஸர் என்ற ஆங்கிலேய அதிகாரியின் பித்தளைத் தோட்டா வந்தது. மருந்து, குண்டு, பற்றவைக்கும் மூடி மூணும் ஒரே கூட்டில். சிப்பாய் கடிக்க வேண்டாம். ஆனால் குண்டு கழன்று விழாமல் யாராவது பிடிக்கணுமே? அந்த வேலை கூட்டின் வாய்க்குப் போனது.

அது சும்மா அழகுக்கு இல்லை. ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்கும்போது மற்ற அறைகளில் இருக்கும் கூடுகள் பின்னால் உதறும். பிடி தளர்ந்தால் குண்டு முன்னால் நீட்டிக்கொண்டு வந்து, உருளையே சுற்றாமல் மாட்டிக்கும். பிஸ்டலில் தலைகீழ்: ஏறும்போது இடித்து குண்டு உள்ளே போய்விடும். இடம் குறைந்தால் அழுத்தம் எகிறும். இந்தக் காலப் புகையில்லா மருந்துக்கு அது விளையாட்டில்லை. (அந்த ஜாதி மருந்தான கார்டைட் செய்யத்தான் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம்ம நீலகிரி அருவங்காட்டில் தொழிற்சாலை கட்டினார்கள்.)

அதனால் ரிவால்வர் தோட்டாவுக்கு வாயை உள்ளே சுருட்டி, குண்டில் இருக்கும் பள்ளத்தில் கடிக்க விடுவார்கள். 9 மி.மீ. பிஸ்டலில் கூட்டின் வாய்தான் அறையின் விளிம்பில் முட்டி நிற்கணும். அங்கே சுருட்டக் கூடாது, லேசாக ஒடுக்கினால் போதும்.

நண்பர் எங்கே கோட்டை விட்டார்? ஒரே டை ரெண்டு வேலையும் செய்யும். உடம்பு வாயை மூடும், நடுத் தண்டு குண்டை அழுத்தும். அவர் உடம்பை அதிகமாக இறக்கிவிட்டார். குண்டு ஆழத்துக்குப் போகும் முன்னாடியே வாய் கடித்துவிட்டது, கூடு நசுங்கியது. முதலில் உடம்பைத் தூக்கி வச்சு, தண்டால் ஆழத்தை மட்டும் பார்க்கணும். அப்புறம் தண்டை விலக்கி, உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி இறக்கிக் கடி வைக்கணும். கடைசியில் தண்டைக் குண்டு தொடும் வரை இறக்கினால் சரி. இப்ப நசுங்குவதில்லையாம்.

"கடிக்கிற நேரம் தப்பினா எல்லாம் போச்சு"ன்னு சொன்னார். மீரட்டில் 85 பேரைச் சங்கிலியில் கட்டிய துரைமாருக்கு இது தெரியாமல் போச்சே என்று நினைத்துக்கொண்டேன்.