பிறப்பு மூச்சுத்திணறல்: வளரும் நாடுகளில் ஆபத்துக் காரணிகள்

பிறந்த குழந்தை தானாக மூச்சுவிடத் தொடங்காமல் போவதும், தொடங்கிய மூச்சு நிலைக்காமல் போவதும் பிறப்பு மூச்சுத்திணறல் எனப்படும். நடக்கவோ பேசவோ தாமதமாகும் குழந்தையை மருத்துவரிடம் கொண்டுபோனால் அவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, “பிறந்தவுடனே அழுததா?” என்பதுதான். இந்த நோயின் வரலாறு அந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

நூறு குழந்தைகளில் சுமார் 85 யார் உதவியும் இல்லாமல் அழுதுவிடும். இன்னும் பத்து, துணியால் நன்றாகத் துடைத்து முதுகைத் தேய்த்துவிட்டால் அழும். ஏறக்குறைய ஐந்து குழந்தைகளுக்கு மட்டும் முகமூடி வைத்து நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்த வேண்டியிருக்கும். 2022இல் உலகில் பிறந்து 28 நாளுக்குள் இறந்த குழந்தைகள் சுமார் 23 லட்சம். இவ்வகை இறப்புகளில் கால்பங்கு அளவுக்குப் பிரசவ நேரத்துச் சிக்கல்களால் நேர்வதாகக் கணக்கிடுகிறார்கள். பெரும்பகுதி ஆப்பிரிக்காவில் சகாராவுக்குத் தெற்கேயும் தெற்காசியாவிலும் நேர்கிறது. உண்மை எண்ணிக்கை இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். வீட்டுப் பிரசவத்தில் நெஞ்சு துடித்தும் அழாமல் கிடந்த குழந்தையைச் ‘செத்துப் பிறந்தது’ என்று சொல்லிப் புதைத்துவிடுவது உண்டு. அது எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

நிகழும் விதம்

ஒவ்வொரு பிரசவ வலியின்போதும் கருப்பை இறுகி, நஞ்சுக்கொடிக்குப் போகும் இரத்தம் சிறிது நேரம் குறைகிறது. இரண்டு வலிகளுக்கு நடுவிலுள்ள ஓய்வில் குழந்தை ஆக்சிஜனை மீட்டுக்கொள்கிறது. ஓய்வு போதாவிட்டால், அல்லது நஞ்சுக்கொடி முன்பே நலிந்திருந்தால், கடன் ஏறிக்கொண்டே போகும். முதலில் குழந்தையின் மூச்சு நின்று போகும். அந்தக் கட்டத்தில் தட்டிக்கொடுத்தாலே மீண்டுவிடும். அதைத் தாண்டிய இரண்டாம் கட்டத்தில் எவ்வளவு தட்டினாலும் பயனில்லை, காற்று செலுத்தினால்தான் உண்டு. குழந்தையைப் பார்த்து அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்ல முடியாது. தலைகீழாகப் பிடித்து அடிப்பதும், முகத்தில் தண்ணீர் தெளிப்பதும், நஞ்சுக்கொடியைச் சூடுபடுத்துவதும் வீணாக்குவது காற்று செலுத்த வேண்டிய நிமிடத்தைத்தான்.

சர்லாஹி சொல்லும் கணக்கு

நேபாளத்தின் தெற்கு எல்லைச் சமவெளியில் இருக்கும் சர்லாஹி மாவட்டத்தில் 2002 முதல் 2006 வரை 23,662 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு, இத்துறையில் அடிக்கடி எடுத்தாளப்படுவது. அப்போது பெரும்பாலான பிரசவங்கள் வீட்டிலேயே நடந்த ஊர்கள் அவை. உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளுக்கு சுமார் பத்து, மூச்சுத்திணறலால் இறந்தன. பச்சிளங்குழந்தை இறப்புகளில் அது சுமார் 30 விழுக்காடு.

அங்கே கண்ட காரணிகளில் சில எதிர்பார்த்தவை. தலைச்சன் பிரசவம், இரட்டைக் கரு, குறைமாதம், முகமும் கைகாலும் வீங்குவது (பலவேளை இது ஜன்னிக்கு முந்திய இரத்தக் கொதிப்பின் அடையாளம்), பிரசவ நேரத்தில் தாய்க்குக் காய்ச்சல். காய்ச்சலும் குறைமாதமும் சேர்ந்தால், காய்ச்சலில்லாத தாய்க்கு மாதம் நிறைந்து பிறந்த குழந்தையைவிட இறக்கும் அபாயம் ஏழு மடங்கானது. பனிக்குடத்துக்குள் புகுந்த கிருமித்தொற்றும் ஆக்சிஜன் குறைவும் ஒன்றையொன்று மோசமாக்குகின்றன என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம்.

எதிர்பாராதவை இரண்டு. ஒன்று, தந்தையின் குறைந்த படிப்பு. அப்பா எத்தனையாவது வரை படித்தார் என்பது கருப்பைக்குத் தெரியாது. ஆனால் ‘வண்டி பிடி, கிளம்பு’ என்று சொல்ல வேண்டியவர் அவர். கையில் பணமும் மருத்துவமனையில் பேசத் துணிச்சலும் அவருக்கு உண்டா என்பதைப் படிப்பு மறைமுகமாக அளக்கிறது. இன்னொன்று, மருத்துவமனைப் பிரசவம் ஓர் ஆபத்துக் காரணியாக வந்தது. மேலோட்டமாகப் படிப்பவர் வீடே பாதுகாப்பு என்று முடிவுகட்டக்கூடும். வீட்டில் ஒரு நாள் முழுக்க வலித்து, குழந்தை இறங்காமல், கடைசியில் தூக்கிக்கொண்டு வரப்பட்டவர்களே அங்கே ஆஸ்பத்திரியில் அதிகம் பெற்றார்கள் என்பதே நம்பத்தகுந்த விளக்கம். பல நாட்டு ஆய்வுப் பட்டியல்களில் சிசேரியன் இடம்பெறுவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். ஆபத்துக் காரணி என்று அச்சாகும் எல்லாமே காரணம் அல்ல. சில, வெகுநேரம் தாமதித்ததன் தடயம்.

தாமதத்தை முடிவெடுப்பதில், போய்ச் சேர்வதில், சேர்ந்தபின் சிகிச்சை கிடைப்பதில் என மூன்றாகப் பிரித்து 1994இல் தாதியஸ், மெய்ன் இருவரும் எழுதிய கட்டுரை தாய் இறப்பு பற்றியது. குழந்தைக்கும் அது அப்படியே பொருந்தும்.

பிற காரணிகள்

சிறுவயதில் சரியான உணவில்லாமல் குட்டையாக வளர்ந்த தாய்க்கு இடுப்பெலும்பு குறுகலாக இருக்கலாம். அவருக்கு வலி நீளும். இளவயதுத் திருமணம், கடும் இரத்தசோகை, ஆப்பிரிக்காவில் மலேரியா ஆகியவை கர்ப்பத்தின்போதே சேரும் சுமைகள். பிரசவத்தின்போது சேர்பவை குழந்தை குறுக்காகவோ காலோ புட்டமோ முன்னாகவோ இருத்தல், தொப்புள்கொடி நழுவி வெளிவருதல், நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிதல். குழந்தை உள்ளேயே மலம் கழித்துவிடுவது பெரும்பாலும் அது படும் அவதியின் அறிகுறி.

தனியாகச் சொல்ல வேண்டியது வலி ஊசி. ஆக்சிடாசினைச் சொட்டு எண்ணி, குழந்தையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்டுக்கொண்டு நரம்பில் ஏற்ற வேண்டும். வட இந்தியா, நேபாளம், வங்கதேசத்துக் கிராமங்களில் முறையான பயிற்சி இல்லாதவர்கள் அதை வீட்டுக்கே வந்து தசையில் ஒரே குத்தாகப் போடுவது உண்டு. போட்ட மருந்தைத் திருப்பி எடுக்க வழியில்லை. வலிகளுக்கு நடுவிலிருந்த ஓய்வு போய்விடுகிறது. ‘சீக்கிரம் பெற்றுவிட்டாள்’ என்ற நல்ல பெயர் மட்டும் ஊசி போட்டவருக்குக் கிடைக்கிறது.

முன்கணிப்பும் சிகிச்சையும்

இந்தக் காரணிகள் எதுவும் இல்லாத தாய்க்கும் அழாத குழந்தை பிறக்கிறது. அதனால் ஆபத்தான பிரசவங்களை மட்டும் தேர்ந்து ஆயத்தமாவது போதாது. எல்லாப் பிரசவத்திலும் காற்றுப் பை பக்கத்தில் இருக்க வேண்டும். கையால் அமுக்கும் சிறு ஆம்பு பை, 0, 1 என்ற அளவுகளில் இரு முகமூடிகள், நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை அமுக்கத் தெரிந்த ஒரு கை. மாதம் நிறைந்த குழந்தைக்குத் தொடக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர்கூட வேண்டாம், அறைக்காற்றே போதும். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதியின் அமைப்பு கிராமத்துப் பெண்களுக்கே இதைக் கற்றுக்கொடுத்து இறப்புகளைக் குறைத்துக் காட்டியது. 2010இல் தொடங்கிய ‘ஹெல்ப்பிங் பேபீஸ் பிரீத்’ பயிற்சி, முதல் ஒரு நிமிடத்துக்குள் மூச்சு வரவேண்டும் என்பதையே அச்சாகக் கொண்டது. அதைக் கைக்கொண்ட தான்சானிய மருத்துவமனைகளில், பிறந்த ஒரு நாளுக்குள் நேரும் இறப்பு ஏறக்குறையப் பாதியானது.

ஆக்சிஜன் குறைவால் மூளை பாதிக்கப்பட்டபின் செய்யும் சிகிச்சையின் கதை வேறு. பிறந்து ஆறு மணி நேரத்துக்குள் உடலைச் சுமார் 33.5 டிகிரி செல்சியசுக்குக் குளிர்வித்து 72 மணி நேரம் வைத்திருப்பது பணக்கார நாடுகளில் பலன் தந்தது. இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில், சென்னை உட்பட, ஏழு பெரிய மருத்துவமனைப் பிரிவுகளில் 408 குழந்தைகளிடம் அதைச் சோதித்த ஹீலிக்ஸ் ஆய்வு 2021இல் வெளியானது. குளிர்விக்கப்பட்டவர்களில் 42 விழுக்காட்டினரும், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 31 விழுக்காட்டினரும் இறந்தார்கள்.