சுளுக்கும் நான்கு எட்டும்

ராயபுரத்தில் கணுக்கால் பிசகினால் இரண்டு வழிகள்: புத்தூர்க் கட்டு, அல்லது பழையவர்கள் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றழைக்கும் ஸ்டான்லி. 1782இல், பஞ்சகாலத்தில் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரமே அதன் மூலம். எலும்பு முறிவை ஐயுற 1992இல் கனடாவின் ஒட்டாவாவில் வகுத்த விதிகளுள் ஒன்று எளியது: வலியோடு நான்கு எட்டு வைக்க இயலாவிடில் எக்ஸ்ரே. 'ஓய்வு, பனிக்கட்டி, இறுக்கக் கட்டு, உயர்த்தல்' என்று 1978இல் சூத்திரம் தந்த அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின், பனிக்கட்டி குணமாவதைத் தாமதப்படுத்தலாம் எனப் பின்னாளில் தாமே திருத்திக்கொண்டார். (புலவர்களிடம் அரிய குணம்!) வலி பொறுக்குமளவு விரைவில் பாதம் ஊன்றி, பின்னர் ஒற்றைக்காலில் நின்று சமநிலை பழகுவதே இன்றைய முறை. காசிமேட்டில் மீன்கூடை சுமப்பவருக்கோ நீண்ட ஓய்வு வாய்ப்பதில்லை; சமநிலை திரும்புமுன்பே சுமை திரும்பிவிடுகிறது, அதே கால் மறுபடியும் பிசகுகிறது.